நெல்லியின் நீலப்பூ ஏப்ரன்

இங்கிலாந்தின் ஓல்டம் ஊர்ப் பஞ்சாலையில் வேலை பார்த்த கிளிஃபர்ட் ஆக்டனுக்கு யுத்தத்துக்கு முன்னால் உயிராக இருந்தவை இரண்டுதான்: கொல்லைப்புறத்துப் பந்தயப் புறாக்கள், மனைவி நெல்லி. இந்த வரிசையை நெல்லியிடம் சொல்லும் தைரியம் அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஐந்து வருஷம் பாலைவனம், இத்தாலி என்று பட்டாளம் அவனை இழுத்தடித்தது. நாற்பத்தாறில், பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது சர்க்கார் கொடுத்த கோடு போட்ட சூட்டும் தொப்பியுமாக வந்து இறங்கினான். ஆலையில் அவன் இடத்தில் வேறொருவன் நின்றான். சொந்த வீட்டில் டீத்தூள் டப்பா எங்கே என்று கேட்கவேண்டியிருந்தது. விருந்தாளி மாதிரி இருந்தது அவனுக்கு. மறுபடி பட்டாளத்தில் சேரும் படிவத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான்.

"சனிக்கிழமை பந்தயத்துல நான் கூப்பிட்டு எஸ்தர் எனக்கு இறங்கி வந்தா இங்கேயே இருந்துடறேன். வரலன்னா கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பறேன்" என்றான்.

"பொண்டாட்டி சொன்னாக் கேக்க மாட்டே, புறா சொன்னாக் கேப்பியா?" என்றாள் நெல்லி. வாய்தான் பேசியது. சனிக்கிழமை வரை அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எஸ்தர், அவன் இல்லாதபோது பொரிந்து நெல்லியின் கையில் தின்று வளர்ந்த சாம்பல் பெட்டை. தெற்குக் கடற்கரையில் காலையில் திறந்துவிட்ட பறவை, தெருவிலேயே முதலாவதாக மதியம் வந்து புகைபோக்கிமேல் உட்கார்ந்தது. அங்கேயே உட்கார்ந்திருந்தது. கூண்டுக்குள் வந்து, கால் வளையத்தைக் கழற்றி நேரம் பதிக்கும் கடிகாரப் பெட்டியில் போட்டால்தான் பந்தயக் கணக்கு. கீழே கிளிஃபர்ட் பட்டாணி டப்பாவைக் குலுக்கினான். கெஞ்சினான். முக்கியமான நாளாயிற்றே என்று சூட்டும் தொப்பியும் போட்டிருந்தான் பாவி. புறாக்காரன் எவனாவது புது உடுப்பில் புறாவைக் கூப்பிடுவானா?

"வரி வசூல்காரன்னு நெனச்சிருச்சு தம்பி" என்றார் பக்கத்து வீட்டு வில்ஃப், சுவருக்கு மேலே தலையை நீட்டி.

நெல்லி கூப்பிட்டால் எஸ்தர் மறுநொடி வந்துவிடும். ஆனால் அது அவனுக்கு வந்ததாகாதே. சமையலறை வாசலில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கிளிஃபர்ட் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"கழட்டு."

"என்னத்த?"

"ஏப்ரனை. தலைத்துணியையும் குடு, சீக்கிரம்."

சூட்டும் தொப்பியும் நிலக்கரிக் குவியல்மேல் பறந்தன. நீலப்பூ ஏப்ரனைக் கட்டி, தலையில் துணியை முடிந்து, நெல்லியின் கீச்சுக் குரலிலேயே "வாடி கண்ணு, வா வா" என்று டப்பாவைக் குலுக்கினான். இத்தாலியில் பதக்கம் வாங்கிய ஆள். தெருவின் ஜன்னல்களெல்லாம் திறந்துகொண்டன. எஸ்தர் தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு படபடவென்று இறங்கி நேராக அவன் தோளில் உட்கார்ந்தது.

வளையம் பெட்டியில் விழுந்தது. புகைபோக்கிமேல் தாமதித்ததில் மூன்றாம் பரிசு. சிரித்துச் சிரித்து வில்ஃபுக்கு விக்கலே வந்துவிட்டது.

"உனக்கு வரல. என் ஏப்ரனுக்குத்தான் வந்துச்சு" என்றாள் நெல்லி. பொய் சொல்லத் தெரியாதவள். சொல்லும்போதே சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

"அப்போ ஏப்ரன் எனக்கு. நீ வேற தச்சுக்கோ."

இருபத்திரண்டு வருஷம் சனிக்கிழமை தவறாமல் அதைக் கட்டிக்கொண்டான். படிவத்தை அன்றைக்கே கூண்டின் அடியில் விரித்தான். கையெழுத்துக்கு விட்டிருந்த கோட்டின்மேல், பொழுது சாய்வதற்குள் எஸ்தர் தன் வேலையை முடித்திருந்தது.