சீலனின் காலடியில் இருந்த பெட்டி

ஒருவன் தன் குரலைத் தானே கேட்க முடியாதபடி நான் ஒருமுறை செய்தேன். மேடையில், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு குமிழைத் திருகிச் செய்தேன். அவன் பெயர் சீலன்.

போன மாதம் காதுக்கருவி பொருத்தப் போயிருந்தேன். பொருத்துகிற பெண் அதைக் காதில் செருகியதும் கூவென்று ஒரு கீச்சு. அவள் மன்னிப்புக் கேட்டாள். எனக்கோ அது பழகிய சத்தம், மைக்கும் ஒலிபெருக்கியும் நேருக்கு நேர் பார்த்தால் வருவது. கூடவே வெங்காய மணமும் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். எங்கள் ரொக் இசைக்குழு ஒத்திகை பார்த்தது, ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் நான் வேலை செய்த மளிகைக்கடையின் நிலவறையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில். குழுவைத் தொடங்கியவன் நான். கிற்றார் வாசித்தேன், இன்னொருவர் டிரம்ஸ் அடித்தார். ஆகவே தலைவன் என்று எனக்கு நானே பட்டம் சூட்டிக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்துவிட்டு இங்கே கனடாவில் கத்தரிக்காய் அடுக்கியவனுக்கு ஏதாவது ஒரு பட்டம் தேவைப்பட்டது.

சீலன் என்னைவிடப் பத்து வயது இளையவன், கடைசியாக, மூன்றாவது ஆளாக வந்து சேர்ந்தவன். அதுவரை நான்தான் பாடினேன். அவன் பாடத் தொடங்கியபின் மதுச்சாலைகளில் ஆட்கள் குடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்காக ஒருவரும் கிளாஸைக் கீழே வைத்ததில்லை.

ஒரு கோடையில் நாங்கள் வாசித்த ஒரு மதுச்சாலைக்கு ஜப்பானிலிருந்து ஒரு சின்னக் குழு வந்தது. எங்களைப் போலவே பெயர் தெரியாதவர்கள். அவர்கள் ஊரில் நிலத்தடிக் கூடங்களில் ஒரு மாலைக்கு ஐந்து குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரமாம். கேட்க வருகிறவர்களில் பாதிப்பேர் மற்றக் குழுக்காரர்தானாம். முதலில் வாசித்தவர்களும் கடைசிக் குழு முடியும்வரை நின்று கேட்பது அவர்கள் வழக்கம். இங்கேயும் அப்படி நின்றார்கள். நின்றதில் சீலனைப் பிடித்துப்போயிற்று. அவர்கள் தலைவர் என்னிடம் வந்து, மூன்று மாதம் ஜப்பானில் பாட அவனைத் தங்களோடு அனுப்ப முடியுமா, ஞாயிற்றுக்கிழமை இன்னொருமுறை கேட்டுவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்.

சீலனுக்கு அப்போதுதான் கனடியக் கடவுச்சீட்டு கிடைத்திருந்தது. எங்கேயும் போகாத புதுப் புத்தகம்.

"நான் போனா நீங்கள் என்ன செய்வியள் அண்ணை? வேண்டாமெண்டா சொல்லுங்கோ, நான் போகமாட்டன்."

"விசர்க்கதை கதையாதை. நான் மறிப்பனே?" என்றேன்.

ஞாயிறு பின்னேரம் அதே மதுச்சாலையில் வாசித்தோம். அந்தச் சின்ன இடத்தில் ஒலிக்கென்று ஆள் கிடையாது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் எல்லாம் என் கைக்கெட்டும் தூரத்தில். பாடகனின் காலடியில் சரிவாக ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கும். டிரம்ஸ் இரைச்சலுக்குள் அவன் தன் குரலைக் கேட்பது அதில்தான். அது நின்றால் சபைக்கு ஒன்றும் தெரியாது, பாடுகிறவன் மட்டும் தடுமாறுவான். இரண்டாம் பாட்டில் அதைக் குறைத்தேன். சீலனின் குரல் சுருதியிலிருந்து வழுக்கியது. எட்டிப் பிடிக்கக் கத்தினான், இன்னும் விலகியது. என்னைப் பார்த்து, பெட்டியைக் காட்டி, விரலை மேலே உயர்த்தினான். சத்தத்தைக் கூட்டு என்று அர்த்தம். நான் தலையாட்டினேன். கையைக் கொண்டுபோய், மிச்சமிருந்ததையும் அணைத்தேன். முன்னால் யாரோ சிரித்தார்கள். ஜப்பான்காரர் கடைசிவரை நின்று, குனிந்து வணங்கி, அந்தப் பேச்சை எடுக்காமலே போனார்கள்.

"பெட்டி வேலை செய்யேல்லையோ அண்ணை?"

"அது நல்லாத்தான் கிடந்தது. உன்ர காதுதான் சரியில்லை."

"முந்தியும் இப்பிடித்தானோ? சொல்லாமல் விட்டனீங்களோ?"

"ஓம். உனக்கு மனம் நோகுமெண்டு."

குமிழைத் திருகியதைவிட அந்தப் பதில் மோசம். அவன் அதற்குப் பிறகு பாடவில்லை. சில மாதங்களில் குழுவும் கலைந்தது.

கருவி பொருத்திய மறுநாள் மெட்ரோ பிடித்து, சீலன் குடியிருக்கும் லொங்குய்ய் போனேன். அவனைப் பார்த்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. சீலனின் தலை முழுதும் நரை. தேத்தண்ணி தந்தான். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தான்.

"வேணுமெண்டே செய்தனீங்கள்?"

"ஓம்."

"மகள் பன்னிரண்டு வயசில பள்ளிக்கூடப் பாட்டுக்குழுவில சேரக் கேட்டவள். எங்கட ஆக்களுக்குக் காது சரியில்லை, சபையில சிரிப்பினம் எண்டு நான்தான் மறிச்சனான். ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவள்."

மகள் கடைப் பைகளோடு உள்ளே வந்தாள். வளர்ந்த பெண், வேலைக்குப் போகிறவள். போன்ஜூர் என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிவிட்டு, நான் யாரென்று கேட்டாள். நானும் அவள் அப்பாவும் ஒரு காலத்தில் ஒரே மேடையில் நின்றோம், அவர்தான் பாடகர் என்றேன்.

"அப்பாவா? சும்மா சொல்லாதேங்கோ அங்கிள். எங்கட வீட்டில ஒருத்தருக்கும் சுருதி நிக்காது."

நான் வாயைத் திறந்தேன். சீலன் முந்திக்கொண்டான்.

"ஓம் பிள்ளை. நிக்காதுதான்."

வாசல்வரை வந்தான். "அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அப்ப ஏன் என்னை மறிச்சனீங்கள் எண்டு கேட்டா என்னட்டைப் பதில் இல்லை. இனி இங்கை வரவும் வேண்டாம்."

அந்த மதுச்சாலையில் இப்போது மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். டிரம்ஸ் அடித்தவர் செத்துப்போனார். எங்கள் ஒன்பது பாட்டுகளையும் நாங்கள் பதிவு செய்யவேயில்லை. சீலன் சுருதி தவறாதவன் என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி நான் ஒருவன்தான். என்னையும் அவன் பேசவேண்டாம் என்றுவிட்டான்.