துகிரானின் பறவைப் பாசம்

துகிரானுக்குப் பறவைகள் என்றால் உயிர். இதை அவரே சொல்வார், நாம் கேட்காவிட்டாலும் சொல்வார். சோலோ நகரத்துக்குப் போகும் சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருக்கும் அந்த மனிதர், கடை திறக்கும் முன் வீட்டு வாசலில் காபியும் கையுமாக உட்கார்ந்துகொள்வார். தலைக்கு மேலே கூரை ஓரம் முழுக்கக் கூண்டுகள். அவற்றுக்குக் கீழே இருந்தபடி, போகிறவர் வருகிறவரை எல்லாம் பிடித்து வைத்துப் புலம்புவார்.

"முந்தியெல்லாம் விடிஞ்சா போதும், காது கிழியும். எத்தன குருவி! இப்பப் பாருங்க, வேலியில ஒரு சத்தம் உண்டா? ஊரே செத்துப்போச்சு."

காரணங்களும் அவரிடம் தயாராக இருந்தன. செல்போன் கோபுரம் ஒரு காரணம். நெல்லுக்கு அடிக்கிற மருந்து ஒரு காரணம். மழை காலம் தவறிப் பெய்வது, பக்கத்து வீட்டுக்காரர் சிமென்ட் சுவர் எழுப்பியது, எல்லாமே காரணம். ஒருமுறை ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு இயற்கை மேல மரியாதையே இல்ல" என்று தழுதழுத்த குரலில் பேசினார். கூட்டம் கைதட்டியது. தட்டிய கைகளில் பாதிக்குமேல் அன்று காலைதான் கூண்டுக்குள் வெட்டுக்கிளி போட்டுவிட்டு வந்த கைகள். ஆம்பளை என்று ஒருவன் இருந்தால் அவனுக்கு ஒரு வீடு, ஒரு மனைவி, கூண்டில் ஒரு பறவை வேண்டும் என்று நினைக்கிற ஊர் எங்கள் வாதுசாரி. மனைவி இல்லாமல்கூடச் சிலர் இங்கே காலம் தள்ளிவிடுகிறார்கள்.

துகிரானின் கை ராசியான கை. சிறு பிள்ளையாக இருந்தபோதே பலாப்பாலைக் காய்ச்சி மூங்கில் ஈர்க்கில் தடவி, குருவி வந்து உட்காரும் கிளையில் செருகிவைப்பார். அது ஒட்டிக்கொள்ளும். இறகு ஒன்றுகூட உதிராமல் எடுத்துவிடுவார். வளர்ந்த பிறகு அந்தக் கைக்கு மாவட்டம் முழுவதும் பெயர் வந்தது. ஒரு வருஷம் பூங்குருவிக்கு மவுசு வந்தது. பாட்டுப் போட்டிகளில் அதுதான் ராஜா. அந்த வருஷத்தோடு தோப்பில் பூங்குருவி போயிற்று. அடுத்து வெள்ளைக்கண்ணிக்கு மவுசு, அதுவும் போயிற்று. அதற்கடுத்து குண்டுக்கரிச்சான். 'போயிற்று' என்பது அவருடைய சொல். என்னவோ அவை மூட்டை முடிச்சோடு பஸ் ஏறிப் போன மாதிரி.

கடைசியாகப் போனது கதிர்க்குருவி. இத்தனூண்டு குருவி, வாய் மட்டும் ஊரளவு. அது வீட்டு வேலியில் விடாமல் கத்தினால் விருந்தாளி வரப்போகிறார் என்று அர்த்தம். எங்கள் பக்கத்துப் பெண்கள் அதைக் கேட்டுத்தான் உலையில் கூட ஒரு பிடி அரிசி போடுவார்கள். துகிரானின் மனைவி சர்த்தினி அந்தக் குருவியை நம்பியே குடித்தனம் நடத்தினவள். வந்த விருந்தாளி ஒருவரும் அவள் வீட்டில் வெறும் வயிற்றோடு எழுந்து போனதில்லை. கதிர்க்குருவிக்கு மவுசு வந்த வருஷம், துகிரான் தன் சொந்தச் செம்பருத்தி வேலியிலிருந்தே ஆண் குருவியைப் பிடித்து, கிளாத்தென் ஊர்ப் பாட்டுப் போட்டியில் பாடவைத்து, ஒரு நகைக்கடைக்காரருக்கு விற்றுவிட்டார். பெட்டைக்குப் பாடத் தெரியாது என்பதால் அதை யாரும் சீந்தவில்லை. சில நாள் வேலியில் தனியாகச் சுற்றிவிட்டு அதுவும் காணாமல் போனது.

"அது மனசொடிஞ்சு போச்சு, பாவம்" என்றார் துகிரான். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அவருடைய பாசத்தில் கலப்படமே கிடையாது, அதுதான் இதில் கொடுமை.

இப்படி இருக்கும்போதுதான் மகள் லஸ்த்ரிக்கு ஒரு வரன் கூடி வந்தது. லஸ்த்ரி தையல் ஆலையில் வேலை பார்க்கிறாள். அங்கே இயந்திரம் பழுது பார்க்கும் பிரசோஜோ என்ற பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போய்விட்டது. வயது முப்பதைத் தாண்டியும் ஒன்றும் அமையாமல் இருந்த பெண். 'எப்பக் கல்யாணம்?' என்று சந்தில் கேட்காதவர் இல்லை, பதில் சொல்லிச் சொல்லிச் சர்த்தினிக்கு நாக்கு வறண்டுவிட்டது. பையனின் அப்பா தார்சோனோ மலையடிவாரத்துக்காரர், பழைய மனிதர். தேதி குறித்து வருவது பெண் வீட்டுக்கு வீண் சிரமம் என்று நினைக்கிற மரியாதைக்காரர். "அந்தப் பக்கம் வந்தா ஒரு நாள் சும்மா எட்டிப் பாக்கறோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். சும்மா என்றால் சும்மா இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

சர்த்தினி அன்றே புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைக்குன்னு தெரியாம நான் என்னத்தச் சமைக்க? வேலியில குருவி இருந்திருந்தா அது சொல்லியிருக்கும். அதத்தான் நீங்க வித்துத் தின்னுட்டீங்களே, பாக்னே!" எங்கள் பக்கம் புருஷனைப் 'பாக்னே' என்றும் பெண்டாட்டியை 'மாக்னே' என்றும்தான் கூப்பிடுவார்கள்.

"கோபுரம் வந்ததுலருந்து குருவி எங்க தங்குது, மாக்னே?"

"கோபுரமா வேலியில பலாப்பால் தடவுச்சு?"

துகிரான் காபியை ஒரே மடக்கில் குடித்தார். மூளை வேலை செய்தது. கூண்டுப் பறவைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க அவர் ஒரு பழைய செல்போனில் காட்டுக் குருவிகளின் சத்தங்களைச் சேர்த்து வைத்திருந்தார். தோப்பில் பாடுகிற எல்லாவற்றையும் பிடித்து முடித்தபிறகு, பாடம் எடுக்க ஆள் வேண்டுமே. அந்த போனை விடியலில் தானாகக் கதிர்க்குருவிச் சத்தம் எழுப்பும்படி வைத்து, வேலியின் தெற்கு மூலையில், இலைகளுக்குள் ஒளித்துவைத்தார். பெண்டாட்டி மனசு ஆறினால் சரி என்பது அவர் எண்ணம்.

மறுநாள் விடியலில் வேலி கத்தியது. சர்த்தினி கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"தெக்கால! கேட்டீங்களா? தெக்கால கத்துனா நல்ல மனுஷங்கதான் வருவாங்க!"

அன்று ஒரு கோழி அடிக்கப்பட்டது. தேங்காய்ப்பாலில் பலாக்காய் வெந்தது, சோயா வில்லையான தெம்பே பொரிந்தது, வேர்க்கடலை வடை தட்டில் அடுக்கப்பட்டது. லஸ்த்ரி ஆலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் புதுச் சேலை உடுத்திக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. சோறு அக்கம்பக்கத்துக்குப் போயிற்று. அடுத்த நாளும் வேலி கத்தியது, இன்னொரு கோழி போயிற்று. "குருவி பொய் சொல்லாது. வழியில ஏதோ தடங்கல்" என்றாள் சர்த்தினி. போனை எடுத்துவிடலாம் என்று துகிரான் தினமும் நினைத்தார். ஆனால் அவள் இவ்வளவு சிரித்து எத்தனையோ காலமாயிற்று, சாப்பாடும் கல்யாணச் சாப்பாடாக இருந்தது. கோழிக்கூடு காலியாகும்வரை இந்தப் பாசமும் தொடர்ந்தது.

ஒரு காலையில் சர்த்தினி அடுப்பை விட்டுவிட்டுக் காதைத் தீட்டினாள்.

"பாக்னே, குருவி இருமுமா?"

"என்ன?"

"நாலு தடவ கத்துது, அப்புறம் இருமுது. மறுபடி நாலு தடவ கத்துது, மறுபடி இருமுது. ஆம்பள இருமல்."

பதிவு செய்தவன் பீடிக்காரனாக இருந்திருக்க வேண்டும். துகிரான் ஏதாவது சொல்வதற்குள் அவள் வேலிக்குள் கையை விட்டாள். செல்போன் கைக்கு வந்தது. போனை அவர் மடியில் வைத்தாள். அடுப்பில் எரிந்த விறகை வெளியே இழுத்து மண்ணைப் போட்டு அணைத்தாள். தலையில் எண்ணெயை வைத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் வந்தார்கள்.

தார்சோனோவும் அவர் மனைவியும் பிரசோஜோவும் வாசலில் வந்து நின்றபோது, வீட்டில் நேற்றைய சோறும் ஆறிப்போன மரவள்ளிக்கிழங்கும்தான் இருந்தன. சர்த்தினி எண்ணெய்த் தலையை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவசரத்தில் ஊற்றிய தேநீர் தட்டில் சிந்தியது. ஆனால் வந்தவர்கள் தங்கமான மனிதர்கள். கிழங்கை எடுத்துச் சாப்பிட்டு, "எங்க வீட்டுக் கிழங்கு இவ்வளவு மாவா வேகாது" என்றாள் பையனின் அம்மா. லஸ்த்ரி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள், பையன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். காரியம் கூடிவிட்ட மாதிரிதான் இருந்தது.

சர்த்தினி மன்னிப்புக் கேட்டாள். "முந்தி கதிர்க்குருவி கத்தும், தெரிஞ்சுக்குவேன். இப்ப இங்க இல்லைங்க. அதான் ஒண்ணும் தயார் பண்ணல."

"எங்க வேலியில இன்னும் இருக்குதுங்க" என்றார் தார்சோனோ, பெருமையாக. "எங்க ஊருல யாரும் புடிக்கிறதில்லன்னு பேசி வச்சிருக்கோம். நாலஞ்சு ஜோடி இருக்கும். காலையில அதுங்க சத்தத்துல பேச முடியாது."

துகிரான் அதுவரை முதுகு வளைத்து மரியாதையாக உட்கார்ந்திருந்தவர், நிமிர்ந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

"நாலஞ்சு ஜோடியா? வால் நீளமா இருக்குமா?"

"இருக்கும்னு நெனைக்கிறேன்."

"கூடு எவ்வளவு ஒசரத்துல கட்டுது? தண்ணி குடிக்க எந்தப் பக்கம் இறங்கும்?"

"பாக்!" என்று அப்பாவை அடக்கப் பார்த்தாள் லஸ்த்ரி.

அவர் காதில் விழவில்லை. "ராத்திரி ஒரே கிளையிலயா அடையுது, மாத்தி மாத்தியா? உங்க ஊருக்குக் கடைசி வேன் எத்தன மணிக்கு?"

தார்சோனோ அப்போதுதான் தலையை நிமிர்த்தி, தன் தலைக்கு மேலே வரிசையாகத் தொங்கிய கூண்டுகளைப் பார்த்தார். பிறகு தேநீரைக் குடித்து முடித்தார். அருமையான தேநீர் என்று சொன்னார். வானம் இருட்டுகிறது என்றும் சொன்னார். வானம் பளிச்சென்றுதான் இருந்தது.

அவர்கள் போன பிறகு சர்த்தினி தேநீர்த் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள். லஸ்த்ரி தினமும் ஆலைக்குப் போனாள், வந்தாள். துகிரான் மட்டும் எல்லோரிடமும், "வந்தாங்க, நல்லா மனசு விட்டுப் பேசினோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சந்திலிருந்த ஒருவருக்கும் இந்த வரன் நிலைக்கும் என்ற நம்பிக்கை இல்லை.

ஆனால் பதில் வந்தது. பையனின் அத்தை, வாய் நிறையச் சிரிப்போடு வந்து உட்கார்ந்தாள்.

"பொண்ண எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. கல்யாணத்த உங்க வழக்கப்படி இங்கயே வச்சிடலாம். பொண்ணப் பெத்தவரு கையப் பிடிச்சுக் குடுக்கணும், அதுல மாத்தமில்ல."

சர்த்தினி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். துகிரானுக்கு வாயெல்லாம் பல்.

"ஒரே ஒரு விஷயம்" என்றாள் அத்தை, இன்னும் மரியாதையாக. "பெரியவருக்கு வயசாச்சு. அவ்வளவு தூரம் மலையேறி எங்க ஊருக்கு வந்து சிரமப்பட வேண்டாம். பொண்ணப் பாக்கணும்னு தோணுனா சொல்லி விடுங்க, நாங்களே கூட்டிட்டு வந்து காட்டறோம்."

"எனக்கென்ன சிரமம்?" துகிரான் நெஞ்சை நிமிர்த்தினார். "நேத்துகூட மாமரத்து உச்சி வரைக்கும் ஏறினேன்!"

"தெரியும்" என்றாள் அத்தை.

சிரிப்பு அவள் முகத்தில் அப்படியேதான் இருந்தது. துகிரானுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மகள் பக்கம் திரும்பினார், பெற்ற அப்பனுக்கு இப்படி ஒரு நிபந்தனையா என்று அவளாவது நாலு வார்த்தை கேட்பாள் என்ற நம்பிக்கையில்.

"லஸ்த்ரி, கேட்டியா இவங்க சொல்றத?"

"அவங்களா சொல்லல, பாக்" என்றாள் லஸ்த்ரி. குரலில் கோபமே இல்லை. "நான்தான் சொல்லச் சொன்னேன். அந்த வேலியில இப்பக் குஞ்சு பொரிச்சிருக்காம். நான் அங்க போயி வாழணும்ல?"

துகிரானுக்கு அவமானமாக இருந்தது. கோபப்படக்கூட முடியவில்லை, மகள் சொன்னதில் பொய் இல்லை. குஞ்சு பொரித்திருக்கிறது என்ற சொல் காதில் விழுந்த அந்த நொடியிலேயே, இறகு முளைக்க இன்னும் எத்தனை நாளாகும் என்று அவர் மனம் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.