களப்பில் ஒரு விமானத் தளம்

போன நோன்பு மாதத்தில் மௌத்தாகி அடக்கமான எத்தாளை ஊர் ஹாசிமுக்கு முதல் மாரடைப்பு வந்தது அதற்கு இரண்டு வருஷம் முந்தி, கரையில். கடலில் வந்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும் என்று பின்னால் சொல்லித் திரிந்தார். பேக்கரியில் பாண் வாங்கப் போனவர் அங்கிருந்த வாங்குப் பலகையிலேயே சாய்ந்துவிட்டார். புத்தளம் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது டாக்டர் சொன்னார்: இனிப் படகு ஓட்டக்கூடாது.

இளந்தாரி வயதிலிருந்து அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். மேற்குக் கரையில் அலை எழும்பி நிற்கும்போது ஃபைபர் படகைக் கரையேற்றுவதில் அவருக்குப் பேர். அலையின் முதுகில் வேகமாக வந்து, படகின் அடி மணலைத் தொடும் கணத்தில் எஞ்சினை அணைத்துத் தூக்கிவிடுவார். பிந்தினால் எஞ்சினின் விசிறி மணலில் உடையும்.

வார்டில் படுத்திருந்த நாட்களில், மகள் இல்மா கொடுத்த ஃபோனில் அவர் வேறொன்றும் பார்க்கவில்லை. விமானந்தாங்கிக் கப்பலில் சண்டை விமானங்கள் இறங்குவதையே பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்கள் தூங்க வேண்டும் என்று சத்தத்தை அடக்கிவிட்டார். இல்மா கட்டுநாயக்கவில் விமானம் பழுதுபார்க்கும் இன்ஜினியர். தினமும் அவளுக்கு அழைப்பு வரும்.

"ஏன் மகள், இதிட காலு இவ்வளவு தடிப்பு?"

"மத்த விமானம் தரைக்குக் கிட்ட வந்து மூக்கத் தூக்கி மெல்லமாக் குந்தும் வாப்பா. கப்பல்ல அதுக்கு இடமில்ல. வாற சாய்விலயே வந்து விழும். காலு தாங்கோணும்."

"ரெண்டு பக்கச் செட்டைய மடக்குறது?"

"கப்பலுக்குள்ள அடுக்கத்தான்."

வீடு வந்ததும் ரெஜிஃபோம் என்ற வெள்ளைத் தக்கையை வெட்டி ஒரு விமானம் செய்தார். மோட்டாரும் ரிமோட்டும் இல்மா கொண்டுவந்தவை. வால் கொக்கி சைக்கிள் கம்பியில் வளைத்தது. கூட்டாளி சூசைப்பிள்ளையின் இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்துத் தளம் ஆக்கினார். கொக்கி மாட்டி நிற்கக் குறுக்கே நாலு கயிறு, கயிற்று முனைகளில் மணல் நிரப்பிய போத்தல்கள். நூறு வருஷத்துக்கு முந்தி முதன்முதல் கப்பலில் இறங்கிய விமானத்தையும் கயிறும் மணல் மூட்டையும்தான் நிறுத்தின என்று இல்மா சொல்லியிருந்தாள்.

கடலோர ஏரியான களப்பில் அலை இல்லை, ஓட்டுவது சூசை என்பதால் அவர் படகேற மனைவி பஸீஹா சம்மதித்தாள். கப்பல்கள் செய்வதுபோல் சூசை முன்னால் நின்று கோல் ஊன்றி, காற்றுக்கு எதிராகப் படகைச் செலுத்தினார். விமானம் ஒழுங்காகவே வந்தது. சக்கரம் பலகையைத் தொட்டதும் ஹாசிமின் பெருவிரல் பழக்கப்படி மோட்டாரை அணைத்தது. கொக்கி கயிற்றைத் தாண்டித் துள்ளியது. விசையில்லாத விமானம் பலகை நெடுக வழுக்கிப் போய்க் களப்பில் விழுந்தது.

ஹாசிம் பின்னாலேயே குதித்துவிட்டார். நெஞ்சளவு தண்ணீர். விமானத்தோடு ஏறியபோது உதடு நீலம் பாரித்திருந்தது. கரையில் நின்ற பஸீஹா அதைப் பார்த்தாள்.

"இனி உங்கட காலு படகுல படப்படாது" என்றாள். அதற்கு மேல் பேச்சுக்கு இடமில்லை.

உப்பு அரிக்காமலிருக்க விமானத்தை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தார். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்தார். சோறு அப்படியே திரும்பியது. மருந்தை நீட்டினால் குடித்தார், நீட்டாவிட்டால் கேட்கவில்லை. சூசை வந்தால்கூட எழும்பவில்லை. முதல் தடவையாக பஸீஹாவுக்குக் கடலை விட அந்தச் சுவர் பயமாக இருந்தது.

ஒரு பின்னேரம் அவருடைய ஃபோனை எடுத்து, அப்படி என்னதான் பார்க்கிறார் என்று பார்த்தாள். சத்தத்தையும் கூட்டினாள். வீடே அதிர்ந்தது.

"இஞ்சருங்க. இது தளத்தத் தொட்ட பொறகுதானே இன்னும் கத்துது? நீங்க அணைச்சீங்களே."

ஹாசிம் எழுந்து உட்கார்ந்தார். உடனே இல்மாவுக்கு அழைப்பு.

"ஓம் வாப்பா. தொட்டவுடனே முழு வேகம். கொக்கி பிடிச்சா கம்பி நிப்பாட்டும். பிடிக்காட்டி அந்த வேகத்திலயே திரும்ப எழும்பிரலாம். பிடிச்சதா இல்லையா எண்டு பாத்து யோசிக்க நேரமில்ல."

"இத ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க காலையும் செட்டையையும்தானே கேட்டீங்க. தளத்தையும் நேரா வைக்காதீங்க, இடப்பக்கம் பாக்கக் கோணலாச் சரிச்சு அடிங்க. முந்தி கப்பல்லயும் நேராத்தான் இருந்திச்சு. கொக்கி பிடிக்காத விமானம் முன்னுக்கு நிக்கிறதுல போய் மோதும்."

"முன்னுக்கு நிக்கிறது நாந்தானே?" என்றார் அப்போது வாசலில் வந்து நின்ற சூசை.

"அதுக்குத்தான்டா சரிக்கச் சொல்றா" என்றார் ஹாசிம்.

பஸீஹா முக்காட்டை இழுத்துவிட்டாள். "நாளைக்குப் படகுல நானும் வாறேன். நீங்க தண்ணியில பாஞ்சா நானும் பாய்வன். எனக்கு நீந்தத் தெரியா."

மறுநாள் காலை, சரித்து அடித்த தளத்தோடு மூவரும் களப்பில். விமானம் சரிவாக வந்தது. சக்கரம் தட்டியது, கொக்கி தவறியது. பெருவிரல் பின்னால் போகப் பார்த்தது.

"அணைக்காதீங்க" என்றாள் பஸீஹா, மெதுவாக.

விரல் முன்னால் தள்ளியது. விமானம் சூசையின் காதோரம் உரசிக்கொண்டு மேலேறியது.

"ஹாசிம் நானா, சரிச்சது போதாது போல" என்றார் சூசை.

இரண்டாவது முறை உயரம் கூடிவிட்டது. ஹாசிம் இறக்கவில்லை, சுற்றவிட்டார். பேட்டரி குறைந்துகொண்டே வந்தது. மூன்றாவது முறை சக்கரம் தொட்டதும் அவரே முழு விசை கொடுத்தார். மூன்றாம் கயிறு இறுகியது. போத்தல்கள் பலகையில் கரகரவென்று இழுபட்டன. மூக்கு தளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கத்திக்கொண்டே நின்றது விமானம். அதற்குப் பிறகுதான் அணைத்தார்.

தன் கையில் சுற்றிப் பிடித்திருந்த ஹாசிமின் இடுப்புச் சாரத்து நுனியைப் பஸீஹா அப்போதுதான் அவிழ்த்தாள்.

"சூசை, நாளைக்கும் காத்து இப்பிடித்தான் இரிக்குமா?"

"ஓம் ராத்தா. கச்சான் காத்துத் தொடங்குற மட்டும் இப்பிடித்தான்."

"அப்ப விடிய வாங்க. சாப்பாடு நான் கட்டிக்கொண்டு வாறேன்."