பொலோன்யாவில் இரண்டு ஹாரன்

உலகத்தில் எந்த ஊராக இருந்தாலும், சாப்பாட்டுக் கடை வாசலில் காரை நிறுத்தி இரண்டு தடவை ஹாரன் அடித்தால் உள்ளேயிருந்து ஓர் ஆள் வருவார், அவர் பின்னாலேயே சாப்பாடும் வரும் என்று நான் நம்பியிருந்தேன். முட்டாள்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருபது வருஷமாகக் குவைத்தில், மங்காஃபில் குடியிருப்பவனுக்கு இது நம்பிக்கைகூட இல்லை, கைப்பழக்கம். அங்கே டீக்கடை முன்னால் காரை ஓரங்கட்டி ஹாரனைத் தட்டினால் மலையாளிச் சேட்டன் வெயிலைப் பொருட்படுத்தாமல் ஓடி வருவார். கண்ணாடியை நாலு அங்குலம் இறக்கி இரண்டு விரலைக் காட்டினால் இரண்டு டீ. பரோட்டா, தயிர், கொத்தமல்லிக் கட்டு எல்லாம் இப்படித்தான். ஏசியை அணைக்க வேண்டாம். செருப்பைக்கூட மாட்ட வேண்டாம்.

இந்தப் பழக்கத்தோடு இத்தாலிக்குப் போனேன்.

எங்கள் கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருஷம் ஆகிறது, என்ன வேண்டும் என்று சுமதியிடம் கேட்டிருந்தேன். நகை என்பாள் என்று நினைத்து மனதைத் தேற்றி வைத்திருந்தேன். அவள் சொன்னது வேறு.

"நான் சமைக்காத சாப்பாடு ஒரு வேளை. நம்ம ஊர்ச் சாப்பாடா இருக்கக் கூடாது. அந்த ஊர்க்காரங்க அவங்க வீட்டு விசேஷத்துக்குப் போய் உக்காருவாங்க இல்ல, அந்த மாதிரி கடை. உக்காந்து, மெதுவா சாப்பிடணும்."

"எந்த ஊர்?"

"பொலோன்யா."

ஃபோனில் அந்த ஊர்ப் பெண்கள் மாவு தேய்ப்பதைப் பல மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நம் சப்பாத்திக் கட்டைக்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு மீட்டர் நீளக் கட்டை. மாவை மேஜை முழுக்கப் போர்வை போலத் தேய்த்து விரிக்கிறார்கள்.

நான் ஃபஹாஹீல் பக்கத்தில் ஒரு சைட்டில் பாதுகாப்பு அதிகாரி. அதாவது, ஐந்நூறு பேர் பயப்படாத விஷயங்களுக்கெல்லாம் அவர்கள் சார்பில் நான் ஒருவனே பயப்பட வேண்டும், அதற்குச் சம்பளம். நாங்கள் எங்கே போனாலும் சின்ன ரைஸ் குக்கர், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் மூன்றும் பெட்டியில் வரும். துருக்கிக்கு வந்திருக்கின்றன. ஜார்ஜியாவில் பனியைக்கூடப் பார்த்திருக்கின்றன. இந்தத் தடவை கிளம்புவதற்கு முந்தின நாள் சுமதி பெட்டியிலிருந்து குக்கரை எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தாள்.

"இது வரலை. உங்களை நம்பி வர்றேன்."

பயணம் முழுக்க என்னைத் துரத்தியது இந்த ஒரு வரிதான். அவள் சுத்த சைவம். கேக்குக்குள் முட்டை இருந்தால் கண்டுகொள்ள மாட்டாள், முட்டை முட்டையாகக் கண்ணில் படக் கூடாது, அவ்வளவு சலுகைதான் உண்டு. இந்தச் சமயம் பார்த்து அலுவலகத்தில் யோகன் வாயைத் திறந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எனக்கு அடுத்த மேஜை.

"அண்ணை, என்ர மச்சாள் மிலானில இருக்கிறா. அவ சொன்னவ, பொலோன்யா எண்டா இறைச்சிக்குப் பேர் போன ஊராம். பாணுக்குள்ளயும் பண்டிக் கொழுப்பு போடுவினமாம்."

"ரொட்டியிலயுமா?"

"ஓம். சூப்பெண்டு தருவினம், அது எலும்பு அவிச்ச தண்ணி. மரக்கறி எண்டு சொல்லித் தந்தாலும் ஒருக்கா கிண்டிப் பாருங்கோ." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ அண்ணை" என்றார்.

குவைத்திலிருந்து துபாய், துபாயிலிருந்து பொலோன்யா. மதியம் ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு இறங்கினோம். விமானத்தில் வந்த சைவச் சாப்பாட்டைச் சுமதி திறந்து பார்த்து, ஆப்பிளை மட்டும் எடுத்துக்கொண்டு மூடினாள். "பசியைச் சேத்து வைக்கிறேன்" என்றாள். பசி தாண்டினால் அவளுக்கு ஒற்றைத் தலைவலி வரும். அது வந்தால் இரண்டு நாள் திரை போட்ட அறை, ஈரத்துணி. நாங்கள் இங்கே இருக்கப்போவதே மூன்று நாள்.

விமான நிலையத்திலிருந்து நகரம் ஆறு கிலோமீட்டர். ஏழு நிமிஷத்தில் கொண்டுபோய் விடும் ரயில் இருக்கிறது. ஆனால் எதிர்வீட்டுக்கே காரில் போகும் வளைகுடாக்காரன் ரயிலில் ஏறுவானா? நாளுக்கு அறுபத்துநாலு யூரோவுக்குக் கார் எடுத்தேன். சாவியைக் கொடுத்த பெண், பழைய மதிலுக்கு உள்ளே வெளியூர் வண்டி போகக் கூடாது, ஒவ்வொரு தெருமுனையிலும் கேமரா இருக்கிறது என்று எச்சரித்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு விளக்குக் கம்பமும் என்னையே உற்றுப் பார்த்தது.

நல்லவேளை, ஹோட்டல் மதிலுக்கு வெளியே. அதற்கு இரண்டு தெரு முன்னால் சுமதி என் தோளைத் தட்டினாள்.

"நிறுத்துங்க. அங்க பாருங்க."

ஒரு பழைய செங்கல் கட்டடம். கீழே சின்னச் சாப்பாட்டுக் கடை, கதவு பாதி சாத்தியிருந்தது. ஜன்னலுக்கு உள்ளே வெள்ளை ஏப்ரன் கட்டிய ஓர் அம்மாள், அறுபது வயது இருக்கும், மேஜையில் மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். கையில் அதே ஒரு மீட்டர் கட்டை.

மணி மூன்று. என் கை தானாகப் போயிற்று. பாம், பாம்.

அந்தத் தெருவில் அதற்கு முன்னால் அப்படி ஒரு சத்தம் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். என் பக்கத்து மாடி பால்கனியில் பனியனோடு ஒரு பெரியவர் தோன்றினார். தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர் என்பது தலைமுடியில் தெரிந்தது. இத்தாலி மொழி எனக்குத் தெரியாது, ஆனால் அவர் சொன்னது முழுக்கப் புரிந்தது. நான் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, ஸாரி என்றேன். அரபியில் ஆஸிஃப் என்றேன். ஹிந்தியில் மாஃப் கரோ பாய் என்றேன். கடைசியில் கும்பிட்டேன். கும்பிட்டதும் அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

இதற்குள் அந்த அம்மாள் கட்டையைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்து, யாருக்கு என்ன ஆபத்தோ என்ற முகத்தோடு சுமதி பக்கத்து ஜன்னலுக்குக் குனிந்தார். இரண்டு பெண்களும் கையாலும் விரலாலும் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்கு அதைக் கவனிக்க அவகாசம் இல்லை. பெரியவர் உள்ளே போய்விட்டார், வாளியோடு வருவாரோ என்று நான் வண்டியை நகர்த்திவிட்டேன்.

"என்ன சொன்னாங்க?"

"இப்போ அடுப்பு அணைச்சுட்டாங்களாம். மதியம் ரெண்டரையோட சரியாம்."

"போகட்டும். செத்தாலும் இந்தத் தெருப் பக்கம் இனிமே தலைகாட்ட மாட்டேன். மானம் போச்சு. இதைவிட நல்ல கடை நூறு இருக்கும்."

சுமதி ஏதோ சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டாள். தலைவலி ஆரம்பித்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

அறைக்குப் போனதும் அவள் படுத்தாள், ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். பசி மயக்கம் என்று நினைத்தேன். மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்த்தேன். நன்றாகவே வந்தது. கூடவே சின்னக் குறட்டையும்.

நாலு மணிக்கு நடந்தே நகரத்துக்குள் போனேன். பொலோன்யாவில் நடைபாதைக்கெல்லாம் கூரை உண்டு. தூண் வரிசை, மேலே வளைவு, தெருத் தெருவாகக் கிலோமீட்டர் கணக்கில் நிழல். மங்காஃபுக்கு இதில் ஒரு தெரு கொடுத்தால் ஆகஸ்டில் நாங்களும் மனிதர்களைப் போல நடப்போம். ஆனால் அன்றைக்கு எந்த வளைவையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கதவுகளை மட்டும் பார்த்தேன். எல்லாம் சாத்தியிருந்தன. எங்கள் ஊரில் விடிகாலை மூன்று மணிக்கும் நெய் ரோஸ்ட் கிடைக்கும். இங்கே ஓர் ஊரே ஒன்றுசேர்ந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டது.

ஆறு மணிக்கு மேல் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். முதல் கடையில் பத்து மேஜை இருந்தது, எல்லாம் காலி.

"இரண்டு பேர்" என்றேன்.

"ரிசர்வேஷன்?" என்றான் பரிமாறுபவன். இல்லை என்றதும் தலையை ஆட்டினான். "கம்ப்ளீத்தோ. எல்லா மேஜையும் போய்விட்டது."

"எங்கே போய்விட்டது? ஒருவரும் இல்லையே."

"வருவார்கள்."

காலி நாற்காலிகளைப் பார்த்தபடி நின்றேன். எங்கள் பக்கம் கடை நிரம்பியிருந்தால் பின்கட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வரும், அதற்கும் வழியில்லை என்றால் ஏற்கெனவே சாப்பிடுபவர் நகர்ந்து இடம் விடுவார். வராத ஆளுக்காகக் காலி நாற்காலி காத்திருப்பதை இங்கேதான் பார்த்தேன். இரண்டாவது கடையில் இன்றைக்கா என்று சிரித்தார்கள். மூன்றாவது கடை வாசலில் ஒருவன் என் கையைப் பிடித்து இழுத்தான். உள்ளே எட்டு மொழியில் மெனு, ஒவ்வொரு பண்டத்துக்கும் வண்ணப் படம். உள்ளூர்க்காரர் ஒருவரும் இல்லை. இதில் உட்காரவைத்தால் சுமதி ஒன்றும் சொல்ல மாட்டாள், சாப்பிடுவாள். அந்த ஒன்றும் சொல்லாததை நினைத்துக் கையை உருவிக்கொண்டு நடந்தேன்.

ஒரு பெட்டிக்கடையில் வாழைப்பழம் வாங்கினேன். கடைக்காரர் டாக்காக்காரர். என் வியர்வையைப் பார்த்து ஹிந்தியில் விசாரித்தார்.

"இண்டியன் கானா தேடறீங்களா பாய்? அடுத்த சந்துல பிரியாணி. ஏ-ஒன். மேஜை எப்பவும் இருக்கும்."

ஒரு நிமிஷம் மனது ஆடிப்போனது உண்மை. சைவப் பிரியாணி, தயிர்ப் பச்சடி, தலைவலிக்குத் தடை. ஆனால் அதற்காகவா துபாய் சுற்றி இத்தனை தூரம் வந்தோம்? யோகனை ஃபோனில் கூப்பிட்டேன்.

"பிரியாணியா? அண்ணை, அக்கா உங்களைக் கொல்லப்போறா" என்றார். "திரும்பி வந்தா எனக்கு முதல்ல சொல்லுங்கோ, என்ன நடந்ததெண்டு."

ஏழு மணிக்கு அறைக்கு வந்தேன். சுமதி எழுந்து, தலை வாரி, ஊதா நிறக் காட்டன் சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள்.

"தோத்துட்டேன் சுமதி. ஒரு மேஜை கிடைக்கலை. குக்கரைக் கொண்டு வந்திருக்கணும்." வாழைப்பழத்தை நீட்டினேன்.

ஒன்றை உரித்துப் பாதி தின்றாள். "வண்டிச் சாவியை எடுங்க."

"எங்க?"

"ஹாரன் அடிச்ச கடைக்கு. ஏழரைக்கு வரச் சொல்லியிருக்காங்க. பேர் குடுத்திருக்கேன்."

"எப்போ குடுத்த?"

"நீங்க மாடிக்காரரைக் கும்பிட்டுட்டு இருந்தப்போ."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். செத்தாலும் வர மாட்டேன்னீங்க. சரி, இதைவிட நல்லதா நூறு இருக்குன்றாரே, ஒண்ணாவது கண்டுபிடிச்சுட்டு வரட்டும்னு தூங்கிட்டேன்."

இந்தத் தடவை வண்டியை ஒரு தெரு தள்ளி நிறுத்தி, பால்கனியைப் பார்க்காமல் சுவரோரமாக நடந்தேன். கடைக்குள் எட்டு மேஜை, காகித விரிப்பு. இரண்டு மேஜையில் குடும்பம் குடும்பமாக உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாள் என்னைப் பார்த்தார். காற்றில் உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டினார். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கதை ஏற்கெனவே பரவியிருக்கிறது.

மெனு இத்தாலி மொழியில் மட்டும். என் கவலை முடியவில்லை. வெங்காயமும் தக்காளியும் சேர்த்துச் செய்த ஒரு பண்டத்தையும், உள்ளே பாலாடைக்கட்டி வைத்து மடித்த ஒரு பாஸ்தாவையும் அம்மாள் விரலால் காட்டினார். கொழுப்பு? ஃபோனில் மொழிபெயர்ப்பைத் தட்டினேன், சிக்னல் சுற்றிக்கொண்டே இருந்தது. வேறு வழி இல்லாமல், ஐம்பத்திரண்டு வயதில், சாப்பாட்டுக் கடை நடுவில், பன்றி மாதிரி உறுமிக் காட்டிக் கையை ஆட்டினேன்.

அம்மாள் அசரவில்லை. உள்ளே போய் ஆலிவ் எண்ணெய்த் தகரத்தைக் கொண்டுவந்து, சாட்சி போல மேஜையில் வைத்தார். வெங்காயத்துக்கு அது. பாஸ்தாவைக் காட்டி, என் பாஷையிலேயே, "ம்ம்மா" என்றார். வெண்ணெய். பக்கத்து மேஜைத் தாத்தா கைதட்டினார்.

பாஸ்தா வெண்ணெயில் மிதந்து, மேலே பொரித்த இலை இரண்டோடு வந்தது. கர்ப்பூரவல்லிக்குத் தூரத்து உறவு போன்ற வாசனை. கூடவே அந்த வெங்காயம். சுமதி ரொட்டியில் தொட்டு வாயில் வைத்தாள். நான் என் தட்டைத் தொடாமல் அவள் முகத்தையே பார்த்தேன்.

"தொக்கு" என்றாள். "வெங்காயத்தை ரொம்ப நேரம் சின்ன நெருப்புல வதக்கியிருக்காங்க. சர்க்கரை துளி போட்டிருக்காங்க. நானா இருந்தா ரெண்டு காஞ்ச மிளகாய் கிள்ளிப் போட்டிருப்பேன்."

"கேட்டுப் பாக்கட்டுமா? மிளகாய் இருக்கான்னு?"

"வேண்டாம். இது அவங்க வேலை."

சொல்லிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இருபத்தைந்து வருஷமாக அவளோடு சாப்பிடுகிறேன். சாப்பாட்டு மேஜையில் அவள் சாய்ந்து நான் பார்த்ததில்லை. ரசத்துக்கு, தண்ணீருக்கு, அப்பளத்துக்கு எழுந்திருக்கத் தயாராக எப்போதும் நாற்காலி நுனியில்தான் இருப்பாள். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த தட்டு வர இருபது நிமிஷம் ஆயிற்று. வழக்கமாக நான் பதறியிருப்பேன். அவள் சாய்ந்தே இருந்தாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

பில் நாற்பத்தாறு யூரோ. அதில் உட்கார்ந்ததற்கு மட்டும் தலைக்கு இரண்டரை. நியாயமான விலை என்று அன்றைக்குத் தோன்றியது. மீதி இரண்டு நாளும் அங்கேயே சாப்பிட்டோம், பேர் சொல்லி வைத்துவிட்டு.

மங்காஃப் திரும்பிய வெள்ளிக்கிழமை டீக்கடை முன்னால் காரை நிறுத்தினேன். கை ஹாரனுக்குப் போகும்போது சுமதி கதவைத் திறந்து இறங்கி, உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். சேட்டன் குழம்பிப்போய் வெளியே வந்து, "சாரே, சேச்சிக்கு என்ன ஆயி? வண்டிக்கு எந்தெங்கிலும் கேடாயோ?" என்று கேட்டார். வண்டிக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி நானும் இறங்கினேன்.

மறுநாள் அலுவலகத்தில் யோகன் என்ன நடந்தது என்று கேட்டார், சுருக்கமாகச் சொன்னேன். மூன்று மணிக்கு ஹாரன் அடித்தேன். உள்ளேயிருந்து ஆள் வந்தார். ஏழரைக்குச் சாப்பாடு வந்தது.