பத்தாவது அடியில் வந்த குளறுபடி

தண்ணீர்த் தொட்டி நிலையத்தில் வேலை பார்த்த அவளுக்குப் 'பம்பரம்' என்று பட்டப்பெயர். கால்மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டாள். தொட்டியின் மட்டத்தை மணிக்கொரு தரம் நோட்டில் எழுதி அலுத்துப்போய், நாற்பது வயதில் தானே சி மொழி கற்று ஒரு நிரல் எழுதினாள். அது ஒவ்வொரு அளவையும் முழு அடிகளில், நான்கு பைட்டுகளாக, எழுத்துகளாக அல்லாமல் வெறும் எண்ணாகவே இரும வடிவில் கோப்பில் சேர்க்கும். பொறியாளர் அலுவலகக் கணினி அதைப் படித்துத் திரையில் காட்டும். எட்டு மாதம் ஒழுங்காக ஓடியது. தண்ணீர் ஒன்பது அடியைத் தாண்டியதேயில்லை.

பெருமழைக்கு மறுநாள் காலை பொறியாளர் போன் செய்தார்.

"ஏம்மா, தண்ணி ரெண்டாயிரத்து ஐந்நூத்தி எழுபத்து மூணு அடின்னு காட்டுது! நாங்கல்லாம் மிதக்கிறோமா?"

அவள் ஏணியில் பாய்ந்து ஏறி அளந்தாள். சரியாகப் பத்தடி. அடுத்த மணிக்கும் தண்ணீர் அதே பத்தடிதான்; மறுபடி போன். "இப்ப ஆறரை லட்சத்தையும் தாண்டிடுச்சும்மா. பேசாம நோட்டுலயே எழுது."

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிரலை வரி வரியாகப் பார்த்தாள், வாசலுக்கு நடந்தாள், திரும்பி வந்தாள். தையல்காரக் கணவர் சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றார்.

"முதல்ல சாப்பிடு."

"ஒரு எண் கெட்டதும் அடுத்ததும் கெடுதுங்க. ஏன்னு புரியல."

"சட்டையில ஒரு பட்டனை மாத்திப் போட்டா கீழ இருக்கிறதெல்லாம் கோணலாத்தானே போகும்?"

அவள் சட்டென்று கோப்பின் அளவைப் பார்த்தாள். நான்கால் வகுபடவில்லை. இரண்டு பைட் அதிகம். உள்ளே பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு பத்துக்கு முன்னாலும் அழையா விருந்தாளியாக ஒரு பதின்மூன்று! கோப்பை இரும வகை என்று சொல்லித் திறக்க வேண்டிய 'பி' என்ற எழுத்தை அவள் விட்டிருந்தாள். அதனால் நிலையத்தில் இருந்த அவள் கணினி அதை உரைக்கோப்பாக எடுத்துக்கொண்டு, பத்தை வரி முடியும் குறியென்று நினைத்து, வரி முடிவில் அதற்கு முன்னால் வழக்கமாகப் போடும் பதின்மூன்றையும் தன் பங்குக்குச் செருகிவிட, பின்னால் வந்த பைட்டெல்லாம் இடம் தள்ளிப்போய்விட்டன.

எழுத்தைச் சேர்த்தாள். செருகியவற்றை நீக்கி அனுப்பினாள்.

"பத்துன்னு காட்டுது. ஒரே எழுத்துக்கா இந்தக் கூத்து?" என்றார் பொறியாளர்.

"ஆமா சார்," என்றாள். வெட்கமாக இருந்தது.

டப்பாவைத் திறந்து ஒரு கவளம் எடுத்தவளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. மோட்டார் ஓடிய நிமிடங்களை எழுதும் இன்னொரு நிரலும் அவள் எழுதியதுதான். போய்ப் பார்த்தாள். அதிலும் 'பி' இல்லை. மோட்டார் இதுவரை சரியாகப் பத்து நிமிடம் ஓடி நின்றதில்லை, அவ்வளவுதான்.

"நீங்க வீட்டுக்குப் போங்க, நான் எழுதின எல்லாத்தையும் பாக்கணும்," என்றாள் கணவரிடம், கை கழுவிக்கொண்டே.