பெரட்டுக் கடிகாரத்தின் பத்து நிமிடம்

இந்த விவகாரம் எழுவதற்கு முன் என் நிலை என்ன என்பதை முதலில் பதிவு செய்கிறேன். நான் கல்லூரியில் கணிதம் படித்துப் பட்டம் பெற்றவன். சிரம்பானுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். காலையில் வருகை பதிந்து ஆள் எடுக்கும் பெரட்டுக்கான கணினி நிரலை எழுதியவனும் நானே. என் பதிவேட்டை எந்த மேலாளரும் சந்தேகித்ததில்லை.

பெரட்டுக் கொட்டகையின் சுவர்க் கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் முந்தி ஓடும். ஆட்கள் நேரத்தோடு வரட்டும் என்று, அவர்களை வேலை வாங்கும் பழைய மண்டோர்கள் வைத்த வழக்கம். தினசரி வாக்குவாதம் வேண்டாமென்று அலுவலகக் கணினியையும் அதற்கு ஒப்பவே திருத்தி வைத்திருந்தோம். எனினும் பதிவேட்டில் மெய்யான நேரமே நிற்க வேண்டும். ஆகவே ஆட்கள் அட்டை தட்டிய நேரத்திலிருந்து என் நிரல் பத்து நிமிடத்தைக் கழித்துவிடும். கையேட்டின் முதல் பக்கத்திலேயே இதை எழுதி வைத்தேன்.

நான் விலகிய பின் பழைய விண்டோஸ் கணினியை ஒதுக்கிவிட்டு, நிரலை லினக்ஸுக்கு மாற்றினார்கள். மாற்றியவர் லோபாக்கிலிருந்து வந்த இளம் பெண் பொறியாளர். புதிய கணினி இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுத்துக்கொண்டது. அதிலிருந்தும் என் நிரல் பத்து நிமிடத்தைக் கழித்தது. ஆறு மணிப் பெரட்டுக்கு ஆறு எட்டுக்கு ஓடி வந்தவன் ஐந்து ஐம்பத்தெட்டுக்கு வந்தவனானான். அவன் பிந்தி ஓடி வந்ததை மேலாளர் கண்ணால் பார்த்திருந்தார். பொறியாளர் நிரலைத் திறந்து அந்த வரியைக் காட்டினார்.

அன்று மாலையே மம்பாவில் உள்ள என் வீட்டுக்குப் பழைய மண்டோர் தொலைபேசியில் அழைத்தார்.

“ஐயா, பெரிய கிராணி தன் ஆளுங்களுக்குக் கமுக்கமா பத்து நிமிஷம் ஒளிச்சி வெச்சிருந்தாருன்னு பேசுறாங்க லா. கேன்டீன்ல ஒரே சிரிப்பு.”

மறுநாள் காலை அலுவலகத்தில் போய் நின்றேன்.

“நீங்க எழுதுனதுல ஒரு வரியக்கூட நான் மாத்தல ஐயா. அப்படியேதான் கொண்டாந்தேன்,” என்றார் பொறியாளர்.

“அதுதாம்மா தப்பு. கையேட்டப் படிச்சியா?”

“கையேடா? கோட் மட்டுந்தான் குடுத்தாங்க.”

என் கையேடு மேலாளரின் அலமாரியில் இருந்தது. அதன்மேல் தேநீர்க் குவளை. குவளையை நானே எடுத்து வைத்துவிட்டு முதல் பக்கத்தை விரித்தேன். அதைப் படித்ததும் பொறியாளர் சன்னல் வழியே கொட்டகைக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தம் கைபேசியை.

“அய்யோ, நெசமாவே முந்தி ஓடுது!”

“சரி விடுங்க சார், சின்ன விஷயம்,” என்றார் மேலாளர்.

“சின்ன விஷயம்னா நாளைக்குப் பெரட்டுல எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க.”

“பாப்போம் லா.”

அவர் சொல்லவில்லை. அந்த வரியை மட்டும் ஓசையில்லாமல் நீக்கினார்கள். கேன்டீன் சிரிப்பு நின்றபாடில்லை. எனவே நானே எழுதுகிறேன்: நான் எவருக்கும் பத்து நிமிடம் கொடுக்கவில்லை. முந்தி ஓடிய கடிகாரத்தின் பத்து நிமிடத்தையே கழித்தேன்.