விசாரிக்க வந்தவர்களுக்கு ஒரு ஊசி

நெஞ்சைத் திறந்து வைத்தியம் பார்த்துக்கொண்டவனுக்கு இருமல்தான் மருந்து என்பது அந்த ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் இருமல் எங்களுக்கு நோய். பம்பாய்த் தாராவியில் எங்கள் சந்தில் யாராவது இருமினால் பக்கத்துக் கதவு சாத்திக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் அவருடைய இடது நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டிவிட்டது. ஊசி வைத்து உறிஞ்சியும் தீராமல், விலாவைத் திறந்து சுரண்டி எடுத்தார்கள். அறுவை நன்றாகவே நடந்தது. அதில் நான் யாரையும் குறை சொல்லமாட்டேன்.

மயக்க மருந்து டாக்டர் எனக்கு இந்தியில் விளக்கினார். வெட்டிய இடம் வலித்தால் ஆள் இருமமாட்டார். இருமாவிட்டால் சளி உள்ளே தேங்கிக் காய்ச்சல் வரும், அப்புறம் கையை விரிக்க வேண்டியதுதான். அதனால் அந்த இடத்தை மரக்கவைத்து, மரத்திருக்கும்போதே இருமவைக்க வேண்டும். அதற்கு அவர்களிடம் இரண்டு வழி இருந்தது. முதுகெலும்பின் இடுக்கில் மெல்லிய குழாயைச் செருகி மருந்தை விட்டுக்கொண்டே இருப்பது ஒன்று. விலா எலும்புகளுக்குக் கீழே வரிசையாக ஊசி போடுவது மற்றது. குழாயைத்தான் முதலில் முயன்றார்கள். வருஷக்கணக்காகக் குனிந்தே தைத்த முதுகு இடம் கொடுக்கவில்லை. சரி, விலா ஊசி என்று முடிவாயிற்று.

பக்கத்துக் கட்டிலில் செம்பூர் காலனிக்காரர் ஒருவர், டிராம்பே பக்கம் குமாஸ்தா. அவருக்கும் அதே அறுவை. ஆனால் குழாய் ஏறிவிட்டது. அவர் மனைவியிடம், "எப்படி மாமி இருக்கார்?" என்று கேட்டேன்.

"வலியே இல்லேங்கறார். ஆனா பிரஷர் எறங்கிப் போறது. மூத்திரம் தானாப் போகலை, அதுக்கு ஒரு டியூப். கால் வேற மரத்துண்டு கிடக்கு."

எங்களுக்கு அந்தத் தொல்லை எதுவும் கிடையாது. என்னவர் எழுந்து நடந்தார், தானே கக்கூஸ் போனார். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஆனால் ஊசியின் தயவு சில மணி நேரம்தான். அது இறங்கியதும் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பார். அடிக்கடி போடவும் முடியாது, விலாவுக்கு அடியிலேயே நுரையீரல், கை தவறினால் ஆபத்து என்றார்கள். அதனால் தினமும் காலையில் ஒரு தடவை. போட்ட கையோடு ஒரு மராத்திப் பெண் வந்து, இவர் விலாவில் தலையணையை அணைத்துப் பிடித்து, "காஸோ, காஸோ" என்று இருமச் சொல்லுவாள். இவரும் இருமித் துப்புவார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வழக்கம். ஒருத்தன் படுத்துவிட்டால் சந்தே கிளம்பி வந்து விசாரிக்கும். முதல் சாயங்காலம் சாத்துக்குடியும் கையுமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். இவருக்கு சலாமுக்குப் பதில் சொல்லக்கூட வாய் வரவில்லை. ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். மறுநாளே ஊரில் என் மாமியாருக்கு, மகன் தேறமாட்டான் என்று சேதி போய்விட்டது. கிழவி சோற்றைத் தொடவில்லை என்று பட்டறைக்குப் போன் வந்தது.

அதற்கப்புறம் ஒரு நாள் காலையில் ஊசி வரவில்லை. மராத்திப் பெண் வந்து கத்திவிட்டுப் போனாள். இவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான். ஊசி சாயங்காலம், விசாரிக்க வருகிறவர்களுக்குச் சற்று முன்னால் வந்தது. கேட்டால், காலையில் வலியே இல்லை, சாயங்காலம்தான் தாங்க முடியவில்லை என்று டாக்டரிடம் இவரே சொல்லி மாற்றியிருக்கிறார். கூட்டம் வந்தபோது சாய்ந்து உட்கார்ந்து, பட்டறைக் கதையெல்லாம் பேசிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க கூத்து இது? ஊசி இருமுறதுக்கா, வாறவுகளுக்குப் பல்லக் காட்டுறதுக்கா?"

"சத்தம் போடாத புள்ள. உம்மா அங்க பட்டினி கெடக்கா. நான் சிரிச்ச மொகமா இருக்கேன்னு நாலு பேரு போயிச் சொல்லட்டும். பொறவு இருமுதேன்."

"அதுவரைக்கும் சளி காத்துக்கிட்டு இருக்குமாக்கும்?"

மறுநாளும் அதே கூத்து. நானே டாக்டரைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு ஊசியைக் காலைக்கு மாற்றினார். அதற்குள் உடம்பு அனலாய்க் கொதித்தது. எக்ஸ்ரேயில் அந்தப் பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. இப்போது வலி இல்லாத நேரத்திலும் இரும அவருக்குத் தெம்பில்லை. அந்தப் பெண் முதுகில் தட்டித் தட்டிக் கை ஓய்ந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் குழாயை எடுத்துவிட்டுச் சொந்தக் காலில் செம்பூருக்கு நடந்து போனார். என்னவரை வெள்ளைத் துணி போர்த்தித் தந்தார்கள்.

நான் இத்தாவில், புருஷனை இழந்தவள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கவேண்டிய நாட்களில், திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருந்து ரயிலேறி வந்த மாமியார் என் பக்கத்தில். முன்னறையில் ஆண்கள் பேசுவது நன்றாகக் கேட்டது.

"நல்லாத்தான இருந்தாரு! நான் பாத்தப்ப என்ன சிரிப்புச் சிரிச்சாரு தெரியுமா!"

"என்கிட்டயும் அப்பிடித்தான். வலின்னு ஒரு வார்த்த சொல்லல."

திரையைக் கிழித்துக்கொண்டு போய், உங்களுக்காகத்தான்யா அந்த மனுஷன் செத்தான் என்று கத்த வாயைத் திறந்தேன்.

மாமியார் என் கையைப் பிடித்தாள். அவள் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

"கேட்டியாம்மா? எம்புள்ள கடைசிவரைக்கும் வலியில்லாம, சிரிச்ச மொகமா இருந்திருக்கான். அது போதும் எனக்கு" என்றாள்.

"ஆமா மாமி" என்றேன்.